முப்பது ரூபாய் அபராதம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சேதராப்பட்டு மகளிர் குழுவின் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. கூடுதலாப் போனா மணி அடிச்சிடாதீங்க. கடன் வாங்கிப் பால் மாடு வளர்த்ததையும் தையல் மிஷின் வாங்கினதையும் இந்த மேடையில நிறைய பேர் பேசிட்டாங்க. நான் வேற பேச வந்திருக்கேன். எங்க ஊர்ல என் பேரைச் சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது. "தலை ஆபரேஷன்காரம்மா"ன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். அந்தக் கதையைச் சொல்லத்தான் கூப்பிட்டாங்க. ஆனா அதுக்குப் பின்னால இன்னொரு கதை இருக்குது. அதைச் சொல்றதுக்குத்தான் நான் ஒத்துக்கிட்டேன்.

2019 மார்கழி. விடியற்காலை வாசல்ல குனிஞ்சு புள்ளி வச்சிக்கிட்டிருந்தேன். பின் மண்டையில யாரோ உலக்கையால போட்ட மாதிரி ஒரு வலி. எனக்குத் தலைவலி புதுசு இல்லை. தொழிற்பேட்டையில பேக்கிங் வேலை, நாள் முழுக்க நின்னுக்கிட்டே. சாயந்தரம் ஆனா நெற்றி தெறிக்கும், தைலம் தடவினா போயிடும். இது அப்படி இல்லை. ஒரு நொடியில உச்சிக்குப் போன வலி. கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வச்சதுதான் தெரியும், வாந்தி எடுத்துட்டேன். கழுத்தைக் குனிய முடியலை.

என் மாமியார் பித்தம்னு சொல்லி சுக்குப் பற்று போட்டாங்க. வீட்டுக்காரர் பக்கத்துல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க ஒற்றைத் தலைவலின்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் படுத்தே கிடந்தேன். பொங்கலுக்கு முன்னாடி வேலைக்குப் போகலைன்னா சம்பளத்துல பிடிப்பாங்களேன்னு மூணாவது நாள் எழுந்து சேலை கட்டிக்கிட்டிருந்தேன்.

அன்னைக்கு எங்க தெருவுல கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடறதுக்காக சுகாதார நிலையத்து நர்சம்மா வந்திருந்தாங்க. என்னைப் பார்த்தவங்க, "உன் இடது கண்ணு ஏன் பாதி மூடி இருக்குது?"ன்னு கேட்டாங்க. நான் தூக்கம் இல்லைன்னேன். அவங்க என் இமையைத் தூக்கிப் பார்த்தாங்க. அந்தக் கண்ணுல கருவிழிப் பாவை பெருசா விரிஞ்சிருந்துச்சாம், இன்னொன்னு சாதாரணமா இருந்துச்சாம். "திடீர்னு வந்த தலைவலியா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. ஆமாம்னு சொன்னதும் 108-க்கு அவங்களே போன் பண்ணிட்டாங்க. தேர் மாதிரி சைரன் போட்டுக்கிட்டு ஜிப்மருக்குப் போயிட்டேன். நம்ம ஊர்ல இருந்து கோரிமேடு அரை மணி தூரம். அந்த அரை மணி தூரத்தைக் கடக்க எனக்கு மூணு நாள் ஆச்சு.

ஸ்கேன்ல மூளையைச் சுற்றி ரத்தம் கசிஞ்சிருந்தது தெரிஞ்சுது. அப்புறம் கையில மருந்து ஏத்தி ரத்தக் குழாயை மட்டும் படம் எடுத்தாங்க. டாக்டரம்மா அந்தப் படத்தை என் வீட்டுக்காரருக்குக் காட்டினாங்க. சைக்கிள் டியூப்ல ஒரு இடம் நஞ்சு போய் அந்த இடம் மட்டும் கொப்பளம் மாதிரி உப்பும் இல்லையா, அதே மாதிரி மூளைக்குப் போற குழாய்ல ஒரு சின்னக் கொப்பளம். கொத்தமல்லி விதையை விடக் கொஞ்சம் பெருசு. அது கசிஞ்சதுதான் அந்த உலக்கை அடி. அது பக்கத்து நரம்பை அழுத்தினதால்தான் கண்ணு மூடினது. இந்தக் கொப்பளத்துக்கு அனியூரிசம்னு பேர். ஒரு தடவை கசிஞ்சது மறுபடி வெடிச்சா பிழைக்கிறது ரொம்பக் கஷ்டம். மறுபடி வெடிக்கிறது பெரும்பாலும் முதல் சில நாள்லயேதான். ஆம்பளைங்களை விடப் பெண்களுக்குத்தான் இது அதிகமா வருதாம். அதை நான் அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கையெழுத்துப் போடச் சொன்னப்ப என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்கிடுச்சு. மாமியார், "தலையில கத்தி வச்சா புத்தி மாறிடும், அவ அவளா திரும்ப மாட்டா"ன்னு அழுதாங்க. அதுக்கு அந்த டாக்டரம்மா சொன்ன பதிலை நான் எல்லார் வீட்டுலயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன். மூளையை வெட்ட மாட்டோம்மா, சாத்துக்குடியில சுளைக்கும் சுளைக்கும் நடுவுல பிரியுதே, அந்த மாதிரி மூளையிலயும் இயற்கையா ஒரு பிளவு இருக்குது, மைக்ராஸ்கோப் வச்சு அதைப் பிரிச்சிக்கிட்டு உள்ளே போய் கொப்பளத்தோட கழுத்துல ஒரு கிளிப் போட்டுட்டு வந்துடுவோம்னாங்க. முடிக்கு மாட்டற கிளிப் மாதிரிதான், டைட்டானியத்துல. ரத்தம் குழாய்ல போகும், கொப்பளத்துக்குள்ள போகாது.

இன்னொரு வழியும் இருக்குது. மண்டையைத் திறக்காம, தொடை இடுக்குல இருக்கிற ரத்தக் குழாய் வழியா மெல்லிசான கம்பியை மூளை வரைக்கும் கொண்டுபோய், கொப்பளத்துக்குள்ள நூல்கண்டு மாதிரி பிளாட்டினம் சுருளை அடைச்சிடறது. யாருக்கு எதுங்கிறது கொப்பளம் இருக்கிற இடத்தையும் அதோட வாயையும் பொறுத்தது. எனக்குக் கிளிப்புதான் சரின்னு முடிவு பண்ணாங்க. இந்தக் கிளிப் வைத்தியம் 1937-ல் அமெரிக்காவுல வால்டர் டான்டின்னு ஒரு டாக்டர் முதன்முதலா செஞ்சாராம். அப்போ போட்டது வெள்ளிக் கிளிப். நம்ம ஊரா இருந்தா அதையும் கழட்டி அடகு வச்சிருப்போம். சிரிக்காதீங்க, அந்த வாரம் என் கொலுசு அடகுக் கடையிலதான் இருந்துச்சு.

ஆபரேஷன் ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முழிச்சப்ப ரெண்டு கையையும் தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். பேர் கேட்டாங்க, சொன்னேன். வெளியில மாமியார் காதுல விழற மாதிரி, கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சான்னு கேட்டேனாம். "மருமக மாறலை"ன்னு அவங்க அப்பதான் நம்பினாங்க.

ஆபரேஷன் முடிஞ்சா கதை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. வெளியே கசிஞ்ச ரத்தம் மற்ற குழாய்களைச் சுருங்க வச்சிடும். அது நாலாவது நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் பயம். அதுக்காக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, ராத்திரியிலயும் எழுப்பி எழுப்பி, 21 நாள். என் பக்கத்துப் படுக்கையில கடலூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா. எனக்கு வந்த அதே நோய். என்னை விட நல்லாப் பேசிக்கிட்டிருந்தாங்க. அவங்க வீடு திரும்பலை. ஆபரேஷன் பண்ணா எல்லாரும் பிழைச்சிடுவாங்கன்னு உங்ககிட்ட பொய் சொல்ல நான் வரலை.

எனக்கும் முழுசா எதுவும் சும்மா வந்துடலை. நாலஞ்சு மாசம் வெயில் கண்ணைக் கூசும். பேர் மறந்து போகும். குழு லெட்ஜர்ல கூட்டல் போட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு விடை வரும். நோட்டைத் துணை ஊக்குநர்கிட்ட கொடுத்துட்டு எட்டு மாசம் கழிச்சுத்தான் திரும்ப வாங்கினேன். மொட்டைத் தலையைப் பார்த்துட்டு, "மயிலம் முருகனுக்கு வேண்டுதலா?"ன்னு பஸ்ல கேட்பாங்க. ஆமாம்னு சொல்லிடுவேன். அதுவும் பொய் இல்லை, பிழைச்சப்புறம் போய்த்தான் வந்தோம்.

இந்த இடத்துல ஒரு பெரியம்மாவைப் பத்திச் சொல்லணும். நம்ம நாட்டுல மூளை ஆபரேஷனுக்குன்னு தனிப் பிரிவு 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே சென்னை அரசு பொது மருத்துவமனையில டாக்டர் பி. ராமமூர்த்தி ஆரம்பிச்சார். அந்தச் சென்னையில படிச்சு, 1968-ல் மூளை நரம்பு அறுவை சிகிச்சையில உயர் பட்டம் வாங்கினவங்க டாக்டர் டி.எஸ். கனகா. ஆசியாவிலேயே இந்தத் துறைக்கு முதல்ல வந்த பெண்கள்ல ஒருத்தர். பொம்பளை கையில மண்டையைக் கொடுக்கறதான்னு ஊர் கேட்டிருக்கும்தானே? நம்மகிட்ட லோன் கொடுத்தா திரும்ப வருமான்னு பேங்க்ல கேட்ட மாதிரி. அந்தம்மா தன் வாழ்நாள்ல நூறு தடவைக்கு மேல ரத்ததானம் பண்ணியிருக்காங்க. 2018-ல் காலமானாங்க. எனக்கு ரத்தம் கொடுக்க ஆள் வேணும்னு சொன்னப்ப எங்க தெரு ஆம்பளைங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. எங்க குழுப் பெண்கள் ரெண்டு பேர்தான் முதல்ல வேனில் ஏறினாங்க.

என் கதை இவ்வளவுதான். நான் புண்ணியவதின்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிக்கிட்டிருந்தேன், 2022 ஆடி மாசம் வரைக்கும்.

எங்க குழுவுல ஒரு அக்கா. அவங்க சம்மதம் வாங்கிட்டுத்தான் பேசறேன், பேர் மட்டும் சொல்ல வேணாம்னாங்க. இந்தக் கூட்டத்துலதான் உட்கார்ந்திருக்காங்க. நடவு, களை, நூறு நாள் வேலை, மிச்ச நாள்ல செங்கல் தூக்கறதுன்னு இருந்தவங்க. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரலை. கேட்டா இடுப்பு வலின்னு சொல்லி அனுப்பினாங்க. பஞ்ச சூத்திரத்துல முதல் சூத்திரமே முறையான கூட்டம். நான் ஊக்குநர். "இடுப்பு வலி யாருக்குத்தான் இல்லை? எனக்கு மண்டையைத் திறந்து மூடியிருக்காங்க, நான் வரலையா?"ன்னு எல்லாருக்கும் முன்னால பேசினேன். கூட்டத்துக்குப் பத்து ரூபாய் வீதம் முப்பது ரூபாய் அபராதம். தீர்மான நோட்டுல என் கையெழுத்தோட இன்னைக்கும் இருக்குது.

நாலாவது கூட்டத்துக்கு அந்தக்கா வந்தாங்க. சுவரைப் பிடிச்சிக்கிட்டு வந்து, அபராதத்தைக் கட்டிட்டு, தரையில உட்காராம நின்னுக்கிட்டே இருந்தாங்க. கூட்டம் முடிஞ்சதும் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க. "கீழே எல்லாம் மரத்துப் போன மாதிரி இருக்குது. மூத்திரம் வர்றது எனக்கே தெரியலை. துணி வச்சிருக்கேன்." அஞ்சு நாளா அப்படித்தானாம். கர்ப்பப்பை இறங்கிடுச்சின்னு நினைச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லலை.

நமக்கு முதுகெலும்பு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச எலும்பு. ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒரு மெத்தை இருக்குது, டிஸ்க்குன்னு சொல்றாங்க. நுங்கு மாதிரி வச்சிக்கோங்க. வெளியில கெட்டித் தோல், உள்ளே வழுக்கை. சுமை தூக்கித் தூக்கித் தோல் கிழிஞ்சா வழுக்கை பிதுங்கி வெளியே வரும். பக்கத்துல போற நரம்பு மேல படும். அப்பத்தான் இடுப்புல இருந்து காலுக்குச் சுண்டி இழுக்குது. இதுல பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் வேண்டியதே இல்லை. மாத்திரை, கொஞ்ச நாள் சுமை தூக்காம இருக்கறது, சொல்லித் தர்ற உடற்பயிற்சி, ஆறு வாரம் போனா பலருக்கும் தணிஞ்சிடும். ஸ்கேன் எடுத்த உடனே ஆபரேஷன்னு யாராவது அவசரப்படுத்தினா இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டறது தப்பில்லை.

ஆனா தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிஞ்சிடுது. அதுக்குக் கீழே நரம்பெல்லாம் குதிரை வால் மாதிரி ஒரு கொத்தாத் தொங்குது. நுங்கு வழுக்கை மொத்தமாப் பிதுங்கி அந்தக் கொத்தையே நசுக்கிட்டா, சைக்கிள் சீட்ல உட்கார்ற இடம் மரத்துப் போகும், மூத்திரமும் மலமும் நம்ம கட்டுப்பாட்டுல இருக்காது, ரெண்டு காலும் தளரும். இதுக்கு ஆறு வாரம் பார்க்கலாம்கிற பேச்சே கிடையாது. அன்னைக்கே போகணும். ரெண்டு நாளுக்குள்ள அந்த அழுத்தத்தை எடுத்துட்டா நரம்பு மீள வாய்ப்பு அதிகம். நாள் ஆக ஆக வாய்ப்பு குறையும்.

அன்னைக்கு ராத்திரியே கூட்டிட்டுப் போனோம். மறுநாள் ஆபரேஷன் ஆச்சு. டாக்டர், "எத்தனை நாளா?"ன்னு கேட்டார். அக்கா பதில் சொல்லாம என்னைப் பார்த்தாங்க. கோபமா எல்லாம் பார்க்கலை. சும்மாத்தான் பார்த்தாங்க. நான்தான் "அஞ்சு நாள் சார்"ன்னு சொன்னேன்.

கால் திரும்ப வந்துடுச்சு. குச்சி வச்சிக்கிட்டு நடக்கறாங்க, இப்போ வீட்டுக்குள்ள குச்சியும் வேணாம். மூத்திரம் முழுசாத் திரும்பலை. ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை சின்ன டியூப் வச்சுத் தானே எடுத்துக்கறாங்க. நர்சுங்க சொல்லிக் கொடுத்தாங்க, பழகிட்டாங்க. ஆனா நடவுக்குப் போக முடியாது. கல்யாணம் காட்சிக்குப் போனா முதல்ல பாத்ரூம் எங்கன்னு பார்க்கணும். என்னோட மூணு நாளை ஒரு நர்சம்மா பார்த்துத் தடுத்தாங்க. அக்காவோட அஞ்சு நாளை நான் தடுத்திருக்கலாம். முதல் கூட்டத்துக்கு வராத அன்னைக்கு அபராதம் எழுதாம, ரெண்டு தெரு நடந்து போய்ப் பார்த்திருந்தா அவங்ககிட்ட பழக்கம் இருந்திருக்கும், மரத்துப் போன அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருப்பாங்க. அந்த முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், அவங்க வாங்கலை. "கணக்குல இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம்தான் நான் ஆஸ்பத்திரியில பார்க்கறவங்ககிட்ட எல்லாம் கேட்டுக் கேட்டு விஷயம் சேர்த்தேன். நமக்கு அடையாளம் தெரியணும், அவ்வளவுதான். வைத்தியம் அவங்க பார்த்துப்பாங்க.

பக்கவாதம் எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலான பேருக்கு அது ரத்தம் கட்டி மூளைக் குழாய் அடைச்சு வர்றது, மிச்சம் பேருக்குக் குழாய் வெடிச்சு வர்றது. வெளியில பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி. சிரிக்கச் சொன்னா வாய் ஒரு பக்கம் கோணும், ரெண்டு கையைத் தூக்கச் சொன்னா ஒண்ணு விழும், பேச்சு குழறும். மூணுல ஒண்ணு இருந்தாலும் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு பார்த்து வச்சிக்கிட்டுக் கிளம்பிடணும். அடைப்பா இருந்தா, நாலரை மணி நேரத்துக்குள்ள கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். பெரிய குழாய் அடைச்சிருந்தா தொடை வழியாக் கம்பி விட்டுக் கட்டியையே இழுத்து எடுக்கறாங்க. ஊசி போடற கெடுவை விட அதுக்குச் சில பேருக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனா வெடிச்சதா அடைச்சதான்னு ஸ்கேன் இல்லாம யாராலும் சொல்ல முடியாது. அதனால ஸ்கேன் இருக்கிற இடத்துக்குத்தான் போகணும், வழியில நிறுத்தி ஊசி போட்டுக்கிட்டுப் போற வேலை கூடாது. நம்ம பக்கம் இன்னும் புறா ரத்தம் தடவறாங்க. புறாவைத் தேடிப் பிடிக்கிற நேரத்துல ஜிப்மருக்கு ரெண்டு தடவை போய் வந்துடலாம். எண்ணெய் தடவி நீவறதை நான் குறை சொல்லலை, அது அப்புறம். முதல் நாள் அதுக்கு இல்லை.

கழுத்து எலும்பு தேஞ்சு தண்டுவடத்தை அழுத்தினா பல பேருக்கு வலியே இருக்காது. அதுதான் ஏமாத்தும். ரவிக்கைக் கொக்கி மாட்ட விரல் வராது. கோல இழை நேரா விழாது. கால்ல இருந்து செருப்பு கழன்றதே தெரியாம நடப்போம். வயசாச்சுன்னு நினைச்சிடாதீங்க, காட்டுங்க. அதே மாதிரி மாசக்கணக்குல முதுகு வலியோட சாயந்தரக் காய்ச்சல், உடம்பு இளைக்கறது இருந்தா அது எலும்புல வந்த காசநோயாக் கூட இருக்கலாம். அதுக்கு இலவச மாத்திரையே பெரும்பாலும் போதும், நரம்பை அழுத்தினாத்தான் ஆபரேஷன். வீட்டு ஆம்பளைங்ககிட்ட சொல்லுங்க, முடி வெட்டற இடத்துல தலையைப் பிடிச்சுச் சடக்குனு திருகி நெட்டி முறிக்க விடாதீங்க. கழுத்து வழியா மூளைக்குப் போற குழாய் அதுல கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க.

பனைமரம், தென்னைமரத்துல இருந்து விழுந்தவங்களை, பைக்ல அடிபட்டவங்களைக் கையைக் காலைப் பிடிச்சுத் தூக்கி ஆட்டோவுல மடக்கிப் போடறோம். எலும்பு மட்டும் உடைஞ்சிருந்ததை நாமதான் தண்டுவடத்தையும் சேர்த்து நசுக்கறோம். தலை, கழுத்து, இடுப்பு ஒரே நேரா இருக்கிற மாதிரி நாலு பேர் சேர்ந்து பலகையில தூக்கணும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஆபத்தான இடமா இல்லைன்னா அசைக்காமலே இருக்கறது நல்லது.

பிரஷர் மாத்திரையைப் பத்தி நான் ரொம்பப் பேசப் போறதில்லை, எல்லா கூட்டத்துலயும் கேட்கறீங்க. 140-க்கு 90 தாண்டினா கவனிக்கணும். தலை சுத்தலை, நல்லாத்தான் இருக்கேன்னு நிறுத்தறீங்களே, நல்லா இருக்கறதே அந்த மாத்திரையாலதான். உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு டீஸ்பூன். கருவாட்டுலயும் ஊறுகாய்லயும் அப்பளத்துலயும் இருக்கறதும் அந்தக் கணக்குதான். பீடி, சிகரெட், புகையிலை, மூணும் குழாயைக் கெடுக்கும். கூடப் பிறந்தவங்க, அப்பா, அம்மான்னு ரெண்டு பேருக்கு மூளையில இந்தக் கொப்பளம் வந்திருந்தா மிச்சம் பேர் டாக்டர்கிட்ட சொல்லிப் பரிசோதனை பண்ணிக்கணும்.

பணம். ஆயுஷ்மான் பாரத் கார்டு இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை. கார்டு வீட்டுல எத்தனை பேருக்கு இருக்குது, அது எங்க இருக்குதுன்னு இன்னைக்கு ராத்திரியே பாருங்க. எங்க வீட்டுல அரிசிப் பானைக்கு அடியில இருந்துச்சு, எனக்கு மட்டும்தான் தெரியும், நானோ பேசற நிலையில இல்லை. சிவப்பு ரேஷன் கார்டு, ஆதார், பழைய மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பையில, வீட்டுல எல்லாருக்கும் தெரியற இடத்துல இருக்கட்டும். தலையில கிளிப் போட்டவங்க டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைக்கக் கூடாது. நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனா என்ன கிளிப்புன்னு முதல்ல கேட்பாங்க.

ஆனா ஆபரேஷன் இலவசம்னாலும் செலவு இருக்குது. துணைக்கு இருக்கறவங்க சாப்பாடு, பஸ், ரெண்டு பேர் கூலி நஷ்டம், திரும்பத் திரும்பப் போய் வர்றது. அக்காவுக்கு டியூப் வாங்கறது மாசா மாசம். என் விஷயத்துல குழுவுல இருந்து எட்டாயிரம் கடன் கொடுக்கறதுக்கு, கூட்டம் கூட்டித் தீர்மானம் போடணும்னு நாலு நாள் ஆச்சு. அதுக்குள்ள என் கொலுசு போயிடுச்சு.

அதனால எங்க குழுவுல இப்போ மூணு விஷயம் மாத்தியிருக்கோம். உயிர் ஆபத்துன்னா ரெண்டு கையெழுத்து போதும், அன்னைக்கே பணம் எடுக்கலாம், தீர்மானம் அடுத்த கூட்டத்துல எழுதிக்கலாம். இதுக்கு எங்களுக்குள்ளேயே சண்டை வந்துச்சு, யாராவது பொய் சொல்லி வாங்கிட்டா என்ன பண்றதுன்னு. இது வரைக்கும் நாலு தடவை எடுத்திருக்கோம், நாலும் உண்மை. உடம்பு சரியில்லாம வராதவங்களுக்கு அபராதம் கிடையாது. அதுக்குப் பதிலா, ஒருத்தர் கூட்டத்துக்கு வரலைன்னா மறுநாளைக்குள்ள ரெண்டு உறுப்பினர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். போகலைன்னா அந்த ரெண்டு பேருக்குத்தான் அபராதம். போன மாசம் நானே பத்து ரூபாய் கட்டியிருக்கேன், மழைன்னு போகாம இருந்துட்டேன்.

போற ரெண்டு பேர் என்ன கேட்கணும்னும் எழுதி வச்சிருக்கோம். எங்க வலின்னு மட்டும் கேட்டா போதாது. மூத்திரம் சரியாப் போகுதா, உட்கார்ற இடம் மரத்திருக்கான்னு வாயைத் திறந்து கேட்கணும். முதல் தடவை எனக்கே நாக்கு வரலை. அந்தக்கா தான் கூட வந்து, "நீ தள்ளு, நான் கேட்கறேன்"ன்னு கேட்டாங்க. இப்போ எங்க ஊர்ல அந்தக் கேள்வியைக் கேட்கறது அவங்கதான்.

கூட்டமைப்புத் தலைவி அம்மாகிட்ட நான் கேட்கறது ஒண்ணுதான். எங்க குழு நோட்டுல இருக்கிற இந்த விதியைப் பொதுக்குழுவுல வச்சு எல்லா குழுவுக்கும் கொண்டு வரணும். எழுதின தாளைச் செயலாளர்கிட்ட கொடுத்திருக்கேன்.

பந்தலுக்கு வெளியில வேப்பமரத்துக்கிட்ட பிரஷர் பார்க்கற மிஷினோட எங்க குழுவுல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க, சாப்பாட்டு வரிசை நீளம்தான், அதுக்குள்ள முடிஞ்சிடும். வேற மாதிரி ஏதாவது கேட்கணும்னு இருந்தா, அங்க பச்சைச் சேலை கட்டிக்கிட்டு நாற்காலியில ஒரு அக்கா இருப்பாங்க. அவங்ககிட்ட தனியாக் கேளுங்க.